‘இருங்கப்பா, வந்துடறேன்’

வணக்கம் மேடம்,

எனக்கு 42 வயது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் மேனேஜராக இருக்கிறேன். கணவர், பிளஸ் ஒன் படிக்கும் மகள். அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார்கள். அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகிறது.

போன தை மாதம் அப்பாவுக்கு எழுபது பிறந்தது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்து வைத்தேன். ‘செய்து வைத்தோம்’ என்று தம்பி ஊரெல்லாம் சொல்கிறான். செய்தது நான். மொத்தம் 4,80,000 ரூபாய் ஆனது. அதில் தம்பி கொடுத்தது 10,000. அதுவும் நான் இரண்டு முறை கேட்ட பிறகு.

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் வீட்டுக் கூடத்திலேயே பாயசத்தோடு முடிந்துவிட்டது. அப்போது எனக்கு வசதி இல்லை. அந்தக் குறை மனதில் இருந்துகொண்டே இருந்தது. அதனால் இந்த முறை எதிலும் குறை வைக்கக் கூடாது என்று மூன்று மாதம் முன்பே எக்ஸெல் ஷீட் போட்டு ஆரம்பித்தேன். லாட்ஜில் 18 ரூம், சொந்தக்காரர்களுக்கு இரண்டு வேன், 200 பேருக்கு இலைச் சாப்பாடு, நாதஸ்வர செட், அம்மாவுக்கு 28,000 ரூபாயில் காஞ்சிபுரம் பட்டு. போட்டோ, வீடியோ, ட்ரோன் மட்டும் 1,10,000. ஒவ்வொன்றையும் நானே போனில் பேசி, நானே அட்வான்ஸ் போட்டு முடித்தேன்.

முதல் நாள் சாயங்காலம் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். கையில் மஞ்சப்பை. அதில் அவித்த பனங்கிழங்கு. வேதாரண்யம் ரோட்டில் வாங்கினானாம். 100 ரூபாய்கூட இருக்காது. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா கோடியக்கரை நைட் ஹால்ட் முடிந்து வரும்போது இதைத்தான் கொண்டுவருவார். இரண்டு பேரும் லாட்ஜ் வாசல்படியில் உட்கார்ந்து நார் உரித்து, ஒடித்து, நடு நரம்பை எடுத்துப் போட்டுவிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அரை மணி நேரம்! ஹோமச் சாமான் சரிபார்க்க வேண்டும் என்று நான்தான் போய்க் கிளப்பினேன். அன்று ராத்திரி வந்தவர்களிடமெல்லாம் அப்பா, “சின்னவன் கிழங்கு கொண்டாந்தான்” என்றார். 18 ரூம் போட்டவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் கலசாபிஷேகம், மாங்கல்யதாரணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் ஒரு நிமிஷம் உட்காரவில்லை மேடம். சாம்பார் தீர்ந்துவிட்டது, வேன் டிரைவர் சாப்பிடவில்லை, வாத்தியார் தட்சணைக் கவரைக் காணோம் என்று எல்லாவற்றுக்கும் நான்தான். போட்டோகிராபர் வேறு, வெயில் ஏறுவதற்குள் கோபுரத்துக்கு முன்னால் குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்று பறந்தார். அந்த அவசரத்தில் அப்பா என் கையைப் பிடித்து, “பாப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், செத்த இப்படி உக்காரு” என்றபோதுகூட, “இருங்கப்பா, வந்துடறேன்” என்று ஓட வேண்டியதாகிவிட்டது. அப்புறம் அவர் கூப்பிடவில்லை. அது கிடக்கட்டும். இவ்வளவு ஓடியும் அந்தக் குடும்பப் படத்தில் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள்.

ஆல்பம் 48 பக்கம். அதற்குத் தனியாக 22,000. மாசியில் கூரியரில் அனுப்பினேன். போன வாரம் தம்பி மகளிடம் வீடியோ காலில் காட்டச் சொன்னேன். பீரோ மேல் பெட்டியிலேயே இருக்கிறது. ரிப்பனைக்கூடப் பிரிக்கவில்லை. நான் ஊருக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. மார்ச்சில் கணக்கு முடிப்பு, பிறகு ஆடிட், மகள் டியூஷன் என்று போக முடியவில்லை.

சின்ன வயதிலும் இப்படித்தான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே நான்தான் முதல் மார்க். ஆண்டு விழாவில் மேடையில் பரிசு வாங்கினேன். அம்மா மட்டும்தான் வந்திருந்தார். அப்பாவுக்கு டூட்டி. எந்த விழாவுக்கும் வந்ததில்லை. பீஸ் மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த 4,80,000-ல் 2,00,000 பர்சனல் லோன். மாதம் 9,400 இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை, கணக்குதான் ஓடுகிறது. தம்பியிடம் பாதிப் பணம் கேட்பது நியாயம்தானே? என்ன செய்தாலும் பையன்தான் உசத்தியா? இனி எதுவும் செய்யாமல் ஒதுங்கிக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ரூபாய்க் கணக்கு ஒன்பது இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அந்த ஒன்பதையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, “அது கிடக்கட்டும்” என்று நீங்கள் தாண்டிப் போன இடத்துக்கு வருகிறேன். மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் தம்பி விஷயத்தை முடித்துவிடலாம். உன் பங்கு இவ்வளவு என்று செலவுக்கு முன்னால் பேசியிருந்தால் இப்போது கேட்கலாம். பேசாமல் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பில் நீட்டினால் அது சண்டைக்குத்தான் போகும். கணக்கு தெரிந்தவர் நீங்கள், ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு மாத்திரை வாங்குவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் உட்காருவது, நடு ராத்திரியில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் எழுந்து போவது, இவையெல்லாம் உங்கள் எக்ஸெல் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன? தம்பி மனைவி படத்தில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன?

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

இரண்டு நாள் விழாவில் ஒருவரோடு ஒருவர் உட்காருவதைப் பற்றி இரண்டே இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, வாசல்படியில் அப்பாவும் தம்பியும் கிழங்கு உரித்தது. இன்னொன்று, “செத்த இப்படி உக்காரு”. முதலாவதை நீங்களே போய்க் கலைத்தீர்கள். இரண்டாவதில் நீங்கள் உட்காரவில்லை. விழாவில் வேறு யார் என்ன சொன்னார்கள், அம்மா புதுப் புடவையில் எப்படி இருந்தார், தாலி கட்டும்போது அப்பா சிரித்தாரா, கை நடுங்கியதா என்று ஒரு சொல்கூட இல்லை. புடவையின் விலை இருக்கிறது. அப்பா உங்கள் கையைப் பிடித்துச் சொன்னது மட்டும் அந்தச் ‘செத்த’ உட்பட அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிற ஒன்றைக் கிடக்கட்டும் என்று எழுதுகிறீர்கள்.

மற்றதெல்லாம் ஏன் நினைவில் நிற்கவில்லை என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கல் 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனவர்களிடம் சில பொருள்களை வெறுமனே பார்க்கச் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். முழுதாகப் படம் எடுத்த பொருள்கள் மறுநாள் குறைவாகவே ஞாபகத்தில் இருந்தன. படம் இருக்கிறதே என்று மனம் தன் வேலையைக் கேமராவிடம் விட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. நீங்கள் கேமராவைத் தொடவில்லைதான். ஆனால் அந்த நாள் முழுவதையும் படத்தில் எப்படி வரவேண்டும் என்றுதான் பார்த்தீர்கள்.

சாம்பாரை யாராவது கவனிக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 200 இலை போட்ட இடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க முடியாது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்டோகிராபர் ஐந்து நிமிஷம் காத்திருந்திருப்பார். நீங்கள் சம்பளம் கொடுத்து வைத்த ஆள். அவரை நிறுத்தி வைக்காமல் அப்பாவை நிறுத்தி வைத்தீர்கள். அந்த ஊருக்கு ஏன் போகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பதினாறு வயதில் முடிய வேண்டிய மார்க்கண்டேயனின் ஆயுளைச் சிவன் காலனிடமிருந்து மீட்டுக்கொடுத்த தலம் அது. அதனால்தான் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் சனங்கள் அங்கே போகிறார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் நேரம் கொடு என்று கேட்பதற்காக 4,80,000 செலவழித்து அங்கே போனீர்கள். அங்கே அப்பா உங்களிடம் கேட்டதும் அதையேதான்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். போக நேரமில்லை என்கிறீர்கள். ஆனால், “அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களேப்பா” என்று போனில் கேட்க ஒரு நிமிஷம் போதும். ஆறு மாதமாக அதையும் கேட்கவில்லை. என்ன வருமோ என்ற பயம் இருக்கலாம். உடம்புக்கு ஏதோ என்று சொல்வாரோ? இல்லை, ‘நீ எதுக்கும்மா இவ்வளவு செலவு பண்ணே’ என்று முடித்துவிடுவாரோ? அந்தப் பயத்தை மூடி வைக்க இந்தக் கணக்கு நன்றாக உதவுகிறது. அப்பா உங்களுக்கு ஒரு பாராட்டு பாக்கி என்று எழுதி வைத்திருக்கும் வரை, நீங்கள் அவருக்கு ஐந்து நிமிஷம் பாக்கி என்பது பேரேட்டில் ஏறாது.

‘பையன்தான் உசத்தியா’ என்று கேட்டீர்கள். நைட் ஹால்ட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ராத்திரி கடைசி நடையோடு பஸ் ஏதோ ஒரு கிராமத்தில் போய் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயோ பக்கத்தில் கிடைத்த திண்ணையிலோ படுத்து, விடியும் முன் முதல் நடை எடுக்க வேண்டும். பள்ளி ஆண்டு விழா நடப்பது சாயங்காலம். அந்த நேரத்தில் அவர் ஸ்டியரிங்கில் இருந்திருப்பார், பின்னால் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். வர முடியாததற்குப் பதிலாக அவர் செய்தது, பீஸை ஒரு நாள் தவறாமல் கட்டியது. வந்து நிற்க முடியாத மனிதர் பணத்தைச் சரியாக அனுப்பிவைத்தார்.

நீங்கள் செய்ததும் அதே வேலைதான். அன்று மேடைக்குக் கீழே அப்பா இல்லை. தையில் அப்பா பக்கத்தில் நீங்கள் இல்லை. இரண்டு பேருமே எல்லாச் செலவையும் கட்டியிருக்கிறீர்கள். தம்பி அம்மாவைக் கொண்டிருக்கலாம், நீங்கள் அச்சு அசலாக அப்பா. மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனதில் வைத்திருக்கிறீர்கள். வைத்திருப்பதில் தப்பில்லை, பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது பெரிய ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் பெண்ணின் கோபத்தோடு 42 வயதில் விழா எடுத்தால், “பார், நான் உனக்குச் செய்வதை” என்ற தொனி அதில் கலந்துவிடும். வாசல்படியில் உட்கார்ந்தவனுக்கு அந்தச் சுமை இல்லை. அப்பா தனக்கு முன்பு கொண்டுவந்ததை அவன் திருப்பிக் கொண்டுவந்தான், அவ்வளவுதான்.

இனி என்ன செய்வது? போனில் கேட்காதீர்கள். தம்பி மகளைக் கேட்கச் சொல்லவே கூடாது. போனில் கேட்டால், “ஒண்ணும் இல்லியே” என்றுதான் வரும். அம்மா பக்கத்தில் இருப்பார், ஸ்பீக்கர் போட்டிருக்கும், நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள் என்று அவருக்கே தெரியும். அவசரத்தில் இருப்பவரிடம் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டார். மறுபடி அதே அவசரத்திடம் கேட்க மாட்டார்.

நேரில் போங்கள். கணவர், மகள் இல்லாமல் தனியாக, இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி. முதல் நாள் எதையும் எடுக்க வேண்டாம். சாப்பிட்டுத் தூங்குங்கள். முதல் நடை எடுத்துப் பழகிய உடம்பு ரிட்டயர் ஆன பிறகும் நாலு, நாலரைக்கு விழித்துக்கொள்ளும். உங்களுக்குத்தான் மூன்று மணிக்கே விழிப்பு வருகிறதே, இந்த ஒரு தடவை அது உதவட்டும். டீயை நீங்கள் போடுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சைலன்ட்டில் போட்டு மடியில் வைத்தால் போதாது, அது தெரிந்தாலே பேச்சு சுருங்கும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், இரண்டு பேரும் தெருவைப் பார்த்த மாதிரி. வாழ்நாள் முழுவதும் முன்னால் பார்த்துக்கொண்டே பேசியவருக்கு அதுதான் வசதி.

காது ஒரு விஷயம். பழைய பஸ்களில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, பானெட்டுக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும். இருபது முப்பது வருஷம் அந்தச் சத்தத்தில் இருந்தவர்களுக்கு உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். உயிரெழுத்து காதில் விழும், ச, த, க, ப போன்றவை நழுவும். பேச்சு கேட்கும், என்ன பேச்சு என்று புரியாது. அதனால் அவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்கார்ந்து, டி.வி.யை நிறுத்திவிட்டு, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும்.

முதலில் உங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுங்கள். “திருக்கடையூர்ல நீங்க உக்காரச் சொன்னீங்க, நான் ஓடிட்டேம்ப்பா. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு.” இவ்வளவுதான். சாம்பார், போட்டோகிராபர் எல்லாம் வேண்டாம். விளக்கம் கொடுத்தால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார், அவர் சொல்ல வந்தது அதோடு போய்விடும். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடி! அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில் நீண்டது, ‘தெரியாது’ குறைந்தது. எழுபது வயதுக்காரருக்கு மூன்று விநாடி போதாது. டீ ஆறட்டும்.

என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுப் பத்திரம், பாங்க் நாமினி போன்ற விஷயமாக இருக்கலாம். அப்படியானால் அங்கேயே தம்பியைக் கூப்பிடாதீர்கள். கேட்டு முடித்துவிட்டு, அவர் சம்மதத்தோடு பிறகு பேசுங்கள். உடம்பைப் பற்றியதாக இருந்தால் சமாதானம் சொல்லாமல் எவ்வளவு நாளாக என்று கேளுங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தால், 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ, டாக்டரிடம் போயே ஆகவேண்டும். விழுங்கக் கஷ்டம், சிறுநீரில் ரத்தம் என்றாலும் அப்படித்தான். அல்லது அந்த ஆண்டு விழாவுக்கு வராததைப் பற்றி அவரும் இருபத்தேழு வருஷமாக ஏதாவது வைத்திருந்திருக்கலாம்.

மறந்தும் போயிருக்கலாம். அன்று கோபுர வாசலில் மனதில் வந்த ஒன்று, அந்த நேரத்துக்கு மட்டுமே உரியதாக இருந்திருக்கும். “என்னமோ சொல்ல வந்தேன், ஞாபகம் இல்லம்மா” என்றால் அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், துருவ வேண்டாம். அது போய்விட்டது, திரும்ப வராது. அதற்காக அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள். பிறகு வேறொன்று கேளுங்கள். வயதானவர்களிடம் பழசைக் கேட்டால் பத்து வயதிலிருந்து முப்பது வரைக்கும் உள்ளதுதான் அதிகமாக, தெளிவாக வரும். “முதல் முதலா எந்த டெப்போப்பா? கூட யார் கண்டக்டர்? கோடியக்கரை ஹால்ட்ல ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?” இப்படிக் கேட்டால் பேசுவார். ‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கப்பா’ என்றால் யாருக்கும் வாய் வராது.

ஆல்பத்தை நீங்களாக இறக்காதீர்கள். அவரே எடுக்கச் சொன்னால், அல்லது அம்மா எடுத்தால், பக்கம் புரட்டுவதை அவர் கையில் விட்டுவிடுங்கள். இது எவ்வளவு, அது எவ்வளவு என்ற பேச்சு வேண்டாம். ட்ரோன் படத்தில் எல்லோரும் எறும்பு மாதிரி இருப்பார்கள். அதை அவர் வேகமாகத் தாண்டினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வந்த பிறகும் வாரத்துக்கு மூன்று ராத்திரிக்கு மேல் அந்த விழிப்பு தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதத்தைத் தாண்டிய தூக்கக் கோளாறு பல சமயம் தானாகச் சரியாவதில்லை. லோனைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது ஆடி. பனங்கிழங்குக்கு மார்கழி, தை வரவேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டாம். வெறும் கையோடு போங்கள். அது கூச்சமாக இருந்தால் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சீப்பு போதும்.